இறங்க ஓர் இடம்

எங்கள் ஊருக்கு ஹெலிகாப்டர் வருவது தேர்தல் காலத்தில் மட்டும்தான். பள்ளிக்கூட மைதானத்தில் சுண்ணாம்பால் பெரிய வட்டம் போட்டு நடுவில் ‘எச்’ எழுதுவார்கள். முந்தின நாளே தண்ணீர் லாரி வந்து மண்ணை நனைத்துவிட்டுப் போகும். தீயணைப்பு வண்டி ஓரமாக நிற்கும். என்ன நனைத்தாலும் புழுதி கிளம்பத்தான் செய்யும்; முன்வரிசையில் நின்ற பெரியவர்களின் துண்டெல்லாம் பறக்கும். யார் வந்தார், என்ன பேசினார் என்பது இப்போது ஒருத்தருக்கும் ஞாபகமில்லை. ஆனால் “நம்ம கிரவுண்டுல இறங்குச்சுடா” என்பதை மட்டும் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது பறந்ததைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை. இறங்கினதைப் பற்றித்தான் பேச்சு.

ஹெலிகாப்டரில் கண்டம் விட்டுக் கண்டம் போனவர்களின் கதைகளைக் கொஞ்ச காலமாகத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கும்போதெல்லாம் அந்த மைதானம் நினைவுக்கு வருகிறது. ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த ஒன்று இந்தச் சாகசக்காரர்களுக்கு ஏன் பிடிபடவில்லை என்று தோன்றும். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

முதலில் விமானத்தைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் பறத்தலைப் பற்றிய இலக்கியம் என்று நாம் சொல்வதெல்லாம் விமானத்தின் இலக்கியம்தான். செந்த் எக்சுபெரி, பெரில் மார்க்கம், சார்ல்ஸ் லிண்ட்பெர்க். 1927 மே மாதம் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்கு முப்பத்து மூன்றரை மணி நேரம் தனியாகப் பறந்த லிண்ட்பெர்க், அதைப் பற்றிய முழுப் புத்தகத்தை 1953ல்தான் வெளியிட்டார். அடுத்த வருடம் புலிட்சர் பரிசு கிடைத்தது. இவர்களெல்லாம் சேர்ந்து நமக்கு ஒரு படிமத்தைக் கொடுத்திருக்கிறார்கள்: இரவு, மேகம், இயந்திரத்தின் ஒரே சீரான ஓசை, நடுவில் ஒற்றை மனிதன், அவனுடைய தியானம். பத்தொன்பது வயதில் அதைப் படித்துவிட்டு மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு வானத்தைப் பார்க்காதவர்கள் யாராவது உண்டா என்ன.

ஆனால் இதே புத்தகங்களில் எந்தப் பக்கங்கள் உண்மையிலேயே நிற்கின்றன என்று பாருங்கள். எக்சுபெரியின் ‘காற்று, மணல், நட்சத்திரங்கள்’ 1939ல் வந்தது. அதில் மறக்க முடியாத பகுதி, 1935 டிசம்பர் கடைசியில் பாரிஸிலிருந்து சைகோனுக்குப் பறந்துகொண்டிருந்தபோது லிபியப் பாலைவனத்தில் அவர் விழுந்தது. கூடவே மெக்கானிக் பிரெவோ. தண்ணீர் இல்லாமல் நாட்கணக்கில் நடக்கிறார்கள். கடைசியில் ஒட்டகத்தில் வந்த ஒரு பெடூயின் தண்ணீர் கொடுக்கிறார். பெயர் தெரியாத அந்த மனிதரை நோக்கித் திரும்பி எக்சுபெரி எழுதும் இடத்தில்தான் அந்தப் புத்தகம் சாகசக் கதை என்ற நிலையைத் தாண்டுகிறது.

லிண்ட்பெர்க்கின் மனைவி ஆன் மாரோ லிண்ட்பெர்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். என் கணக்கில் அவர் கணவரைவிடப் பெரிய எழுத்தாளர். 1933ல் இருவரும் ஆப்பிரிக்காவிலிருந்து தென் அமெரிக்காவுக்கு அட்லாண்டிக்கைக் கடந்தார்கள். ரேடியோவைக் கவனித்துக்கொண்டது ஆன். அதைப் பற்றி அவர் எழுதிய ‘லிசன்! தி விண்ட்’ 1938ல் வந்தது. அந்தப் புத்தகத்தில் பெரும்பகுதி என்ன? காம்பியாவின் பாதர்ஸ்டில் காற்றுக்காகக் காத்திருப்பது. எரிபொருளின் பாரத்தோடு அவர்களுடைய மிதவை விமானம் நீரை விட்டு எழ மறுக்கிறது, காற்று வீசினால்தான் உண்டு. தேவையில்லாததையெல்லாம் எடுத்து வெளியே போடுகிறார்கள். மறுபடி முயற்சி, மறுபடி காத்திருப்பு. விமானமே பறக்காத ஒரு விமானப் புத்தகம், அதுவும் இந்த வகையிலேயே ஆகச் சிறந்த புத்தகங்களில் ஒன்று.

விமானத்துக்கே இப்படியென்றால், பறப்பதைவிட நிற்பதே அதிகமான ஹெலிகாப்டருக்கு எவ்வளவு பெரிய இலக்கியம் இருந்திருக்க வேண்டும்? இல்லை. ஏன் இல்லை என்று கேட்கத்தான் வந்தேன்.

*

கொஞ்சம் இயந்திரம் பேசுவோம். அலுப்பாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

விமானத்தை இறக்கை தாங்குகிறது. முன்னால் ஓடும்வரை காற்றே அதை மேலே பிடித்துக்கொள்ளும். ஹெலிகாப்டருக்கு அந்தச் சலுகை கிடையாது. தலைக்கு மேலே சுற்றும் விசிறிதான் அதன் முழு எடையையும் ஒவ்வொரு நொடியும் தூக்கிப் பிடிக்க வேண்டும். அதனால் எரிபொருளைக் குடிக்கும். வேகத்தையும் ஓர் அளவுக்கு மேல் கூட்ட முடியாது: முன்னோக்கிப் போகும்போது, விசிறியின் ஒரு பக்கத்துத் தகடு காற்றை எதிர்த்து ஓடுகிறது, மறு பக்கத்துத் தகடு காற்றோடு பின்வாங்குகிறது. வேகம் கூடக் கூடப் பின்வாங்கும் பக்கம் தூக்கும் சக்தியை இழக்கும். ஆக மெதுவாகத்தான் போக வேண்டும், அடிக்கடி இறங்கித்தான் ஆக வேண்டும். உலகம் சுற்றியவர்கள் பலரும் பயன்படுத்திய பெல் 206 வகை, கூடுதல் டேங்க் இல்லாமல் ஒரே மூச்சில் எழுநூறு கிலோமீட்டர் போனாலே அதிகம். சென்னையிலிருந்து கன்னியாகுமரி, அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. சின்ன ஹெலிகாப்டரை ஓட்ட இரண்டு கையும் இரண்டு காலும் வேண்டும். வலது கையில் ஒரு தண்டு, திசைக்கும் சாய்வுக்கும். இடது கையில் இன்னொன்று, ஏறி இறங்க. கால்களில் பெடல்கள், மூக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதற்கு. ஒன்றை அசைத்தால் மற்ற இரண்டையும் சரிக்கட்ட வேண்டும். அந்தரத்தில் ஒரே இடத்தில் நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். தட்டில் வைத்த கோலிக்குண்டை விழாமல் வைத்திருப்பது மாதிரி.

எக்சுபெரி விமானத்தில் பறந்துகொண்டே குறிப்பெழுதியவர். ஹெலிகாப்டர்காரருக்குக் குறிப்பெழுதக் கை எங்கே இருக்கிறது? தானியங்கிக் கருவி எதுவும் இல்லையென்றால் மூக்கைச் சொறிவதே ஒரு தீர்மானம்தான். தியானத்துக்கான இடமே இல்லாத பறத்தல் இது. ஆகவே லிண்ட்பெர்க் மாதிரி எழுத முயன்றால் ஹெலிகாப்டர் எழுத்து தோற்கத்தான் செய்யும். அதற்கு வேறு ஒரு வடிவம் தேவைப்பட்டது.

அந்த வடிவத்தின் சாயல் முதல் பயணத்திலேயே இருந்தது என்பதுதான் வேடிக்கை. ஹெலிகாப்டர் முதன்முதலாக அட்லாண்டிக்கைக் கடந்தது 1952ல். அமெரிக்க விமானப் படையின் இரண்டு சிகோர்ஸ்கி எச்-19கள் ஜூலை 15 அன்று மாசசூசெட்ஸிலிருந்து கிளம்பி, லாப்ரடார், கிரீன்லாந்து, ஐஸ்லாந்து என்று தத்தித் தத்தி ஜூலை 31 அன்று ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக் போய்ச் சேர்ந்தன. பதினாறு நாட்களில் வானத்தில் இருந்தது ஏறக்குறைய 42 மணி நேரம். பத்தில் ஒன்பது பங்கு தரையில். பனி விலக, மழை நிற்க, காற்று திரும்பக் காத்திருந்த நேரம்.

அந்த இரண்டு இயந்திரங்களுக்கும் வைத்த பெயர்களைக் கேளுங்கள்: ‘ஹாப்-எ-லாங்’, ‘வேர்ல்-ஓ-வே’. ஒன்று அந்தக் காலத்து கௌபாய் நாயகனின் பெயரையும் மற்றொன்று ஒரு பந்தயக் குதிரையின் பெயரையும் கிண்டலாகத் திருப்பிப் போட்டது. தத்திப் போகிறது, சுற்றிப் போகிறது. ராணுவத்துக்காரர்கள் வைத்த பெயர்தான், ஆனாலும் அதில் பொய் இல்லை. நாங்கள் கழுகு இல்லை, வெட்டுக்கிளி என்று சொல்லிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள். இதற்குப் பிறகு வந்த பெயர்களிலெல்லாம் இந்தச் சிரிப்பு காணாமல் போய்விடுகிறது.

அடுத்த பெரிய பயணம் 1967. மே 31ஆம் தேதி நியூயார்க்கிலிருந்து கிளம்பிய இரண்டு எச்எச்-3இ ஹெலிகாப்டர்கள் எங்குமே இறங்காமல், வானத்திலேயே ஒன்பது முறை எரிபொருள் நிரப்பிக்கொண்டு, 30 மணி 46 நிமிடத்தில் பாரிஸ் விமானக் கண்காட்சியில் போய் இறங்கின. லிண்ட்பெர்க் எடுத்துக்கொண்ட நேரத்தைவிடக் குறைவு! எப்பேர்ப்பட்ட சாதனை. ஆனால் இதைப் பற்றிப் பேசுகிறவர்களையே காணோம். இறங்காத ஹெலிகாப்டருக்குக் கதை இல்லை என்று நினைக்கிறேன்.

*

இப்போது முக்கியமான வருடம், 1982.

ஆகஸ்ட் 5 அன்று டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் இருந்து ஓர் ஆஸ்திரேலியர் கிளம்புகிறார். டிக் ஸ்மித், மின்னணுப் பொருள் கடைகள் நடத்திப் பணக்காரர் ஆனவர். புத்தம்புது பெல் ஜெட்ரேஞ்சர், உள்ளே அவர் ஒருத்தர் மட்டும். ஹெலிகாப்டரில் உலகம் சுற்றிய முதல் மனிதன் ஆக வேண்டும். ஆகஸ்டிலேயே அட்லாண்டிக்கைத் தாண்டி லண்டன் போய்விட்டார். அக்டோபர் தொடக்கத்தில் சிட்னி. அங்கே நிறுத்திவிட்டு, அடுத்த வருடம் மே மாதம் மறுபடி கிளம்பி, 1983 ஜூலை 22 அன்று புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார்.

இதற்கிடையே நடந்ததுதான் சுவாரஸ்யம். ஸ்மித் கிளம்பி நான்கு வாரம்கூட ஆகவில்லை, செப்டம்பர் 1 அன்று டெக்சாஸிலிருந்தே இன்னொரு ஹெலிகாப்டர் கிளம்பியது. ஓட்டுகிறவர்கள் ராஸ் பெரோ ஜூனியரும் ஜே கோபர்னும். பெரோ ஜூனியருக்கு அப்போது வயது 23. பின்னாளில் ஜனாதிபதித் தேர்தலில் நின்ற கோடீஸ்வரர் ராஸ் பெரோவின் மகன். ஒரு சி-130 சரக்கு விமானம் உதிரிப் பாகங்களும் ஆட்களுமாகக் கூடவே வந்தது. 29 நாள் 3 மணி 8 நிமிடத்தில் சுற்றி முடித்துவிட்டார்கள். ஸ்மித் இன்னும் சிட்னிக்கே போய்ச் சேரவில்லை.

அவ்வளவுதான், ‘முதல்’ என்ற சொல் ஸ்மித்தின் கையை விட்டுப் போய்விட்டது. அப்புறம் என்ன செய்வது? ஒரு பெயரடை சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்: ‘தனியாக’ உலகம் சுற்றிய முதல் ஹெலிகாப்டர் பயணம். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அவர் கிளம்பியதே தனியாகத்தான், நடுவில் சேர்த்துக்கொண்டதல்ல. ஆனால் கிளம்பும்போது ஒரு தகவலாக இருந்த சொல், முடிக்கும்போது முழுப் பயணத்தையும் தாங்கும் தூணாகிவிட்டது. அதற்குப் பிறகு இந்தப் பயணத்தை யார் எழுதினாலும் அந்தச் சொல்லுக்கு விசுவாசமாகத்தான் எழுத வேண்டும். ‘தனியாக’ என்பதற்குப் பங்கம் வருகிற எல்லாமே ஓரத்துக்குத் தள்ளப்படும்.

ஸ்மித் எழுதிய புத்தகத்தின் தலைப்பு ‘தி எர்த் பினீத் மீ’. எனக்குக் கீழே பூமி. தலைப்பை வைத்து ஒரு புத்தகத்தை எடைபோடலாமா என்று கேட்பீர்கள். சாகசப் புத்தகங்களில் தலைப்பு என்பது ஒப்பந்தப் பத்திரம் மாதிரி. எங்கே நின்று பார்க்கப்போகிறேன் என்று எழுத்தாளர் அதில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். பூமி கீழே, ‘நான்’ மேலே. பெரோ தன் ஹெலிகாப்டருக்கு வைத்த பெயரும் அப்படித்தான்: ‘ஸ்பிரிட் ஆஃப் டெக்சாஸ்’. லிண்ட்பெர்க்கின் ‘ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்’ஐ அப்படியே பிரதியெடுத்து, ஊர் இருந்த இடத்தில் மாநிலத்தைப் போட்டிருக்கிறார்கள். வெட்டுக்கிளி கழுகு வேஷம் போட ஆரம்பித்தது இங்கேதான்.

ஆனால் அந்த இரண்டு பயணங்களிலும் நடந்தது என்ன என்று வரைபடத்தை விரித்துப் பாருங்கள். ஜப்பானின் வடக்கு முனையிலிருந்து அலாஸ்கா பக்கம் போக இயற்கையே படிக்கட்டு போட்டு வைத்திருக்கிறது: குரில் தீவுகள், கம்சட்கா, பிறகு அலூஷியன் தீவுகள். ஹெலிகாப்டருக்கென்றே செய்தது மாதிரி. ஆனால் குரிலும் கம்சட்காவும் அன்றைக்கு சோவியத் மண். அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள், இரண்டு பேருக்குமே. பெரோவுக்கு அப்பாவின் பணம் இருந்தது, பின்னால் சி-130 வந்தது. ஸ்மித்துக்குப் பணமும் புகழும் உறுதியும் இருந்தன. எதுவும் செல்லுபடியாகவில்லை. எரிபொருள் நிரப்ப ஒரே ஒரு இடம் வேண்டும், அது கிடைக்காது.

அப்போது என்ன செய்தார்கள்? நடுக்கடலில் ஓர் இடத்தை உண்டாக்கினார்கள். பெரோவும் கோபர்னும் ‘பிரெசிடெண்ட் மெக்கின்லி’ என்ற கண்டெய்னர் கப்பலை வட பசிபிக்கில் சந்தித்து, கொந்தளிப்பான கடலில் அதன்மேல் இறங்கி எரிபொருள் நிரப்பினார்கள். மறு வருடம் ஸ்மித்தும் ஒரு சரக்குக் கப்பலின்மேல் இறங்கித்தான் அந்த இடைவெளியைத் தாண்டினார்.

அந்தக் காட்சியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒற்றை எஞ்சின். கீழே விழுந்தால் நிமிடங்களில் உடம்பை விறைக்க வைக்கும் தண்ணீர். கண்ணுக்கு எட்டியவரை ஒன்றுமில்லை. எங்கோ ஒரு புள்ளியில் கப்பல் இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். இருக்க வேண்டும். இந்தத் தைரியத்தை நான் ஒரு துளியும் குறைத்துச் சொல்லவில்லை. என்னால் ராட்டினத்திலேயே ஏற முடியாது. ஆனால் அந்தப் புள்ளியில் கப்பலை நிறுத்தி வைத்தவர்கள் யார்? மேல்தளத்தில் எரிபொருள் பீப்பாய்களைக் கட்டி வைத்தவர் யார்? ஆடிக்கொண்டிருக்கும் கப்பலில் நின்று கையை ஆட்டி, இப்போது இறங்கலாம் என்று சைகை காட்டியவர் பெயர் என்ன? அந்தக் கப்பலின் சமையல்காரர் அன்றிரவு வீட்டுக்குக் கடிதம் எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பார்? எனக்கு அந்தக் கடிதம் வேண்டும். உலகம் சுற்றியவரின் புத்தகத்தைவிட அதை நான் ஆசையாகப் படிப்பேன்.

ஸ்மித்துக்கு இது தெரியாது என்றும் சொல்ல முடியாது. இந்த விஷயத்தில் அவர்மீது எனக்குத் தனி மரியாதை உண்டு. 1929ல் ‘குக்கபரா’ என்ற சிறு விமானம் ஆஸ்திரேலியாவின் தனாமி பாலைவனத்தில் இறங்கிவிட்டது. காணாமல் போன நண்பரைத் தேடிப் போன கீத் ஆண்டர்சனும் பாப் ஹிட்ச்காக்கும் அதில் இருந்தார்கள். இறங்கியதென்னவோ பத்திரமாகத்தான். ஆனால் மறுபடி எழும்ப முடியவில்லை, தண்ணீர் இல்லை, தாகத்தில் இறந்தார்கள். எக்சுபெரிக்கு ஒரு பெடூயின் வந்தார். இவர்களுக்கு ஒருத்தரும் வரவில்லை. அந்த விமானத்தின் மிச்சத்தை 1978ல் பாலைவனத்தில் தேடிக் கண்டுபிடித்தவர் இதே டிக் ஸ்மித்தான். யாருமில்லாத இடத்தில் இறங்குவது என்றால் என்னவென்று அவரைவிட நன்றாகத் தெரிந்த ஆள் இருக்க முடியாது. அப்படிப்பட்டவர் தன் உலகப் பயணத்துக்குத் தலைப்பு வைக்க உட்காரும்போது, கீழே பூமியும் மேலே தானும் மட்டும் மிஞ்சிவிடுகிறார்கள். அந்த ஒரு பெயரடை செய்த வேலை.

அந்த அனுமதி மறுப்பை வெறும் அதிகாரத் தொந்தரவாக இந்தக் கதைகள் கடந்துபோவதிலும் எனக்குச் சண்டை உண்டு. ஸ்மித் பயணத்தை முடித்து ஆறு வாரம் கழித்து, 1983 செப்டம்பர் 1 அன்று, நியூயார்க்கிலிருந்து சியோலுக்குப் போய்க்கொண்டிருந்த கொரியன் ஏர்லைன்ஸ் 007 வழி தவறி கம்சட்கா, சகாலின் மேலே பறந்தது. சோவியத் போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. 269 பேர் இறந்தார்கள். அந்த வானம் அப்படிப்பட்ட வானம். ஸ்மித்தும் பெரோவும் சுற்றிக்கொண்டு போனது ஒரு படிவத்தை அல்ல, ஒரு யுத்தத்தின் விளிம்பை. சரக்குக் கப்பல் அங்கே வந்து நின்றதற்குப் பின்னால் இருந்த உலகத்தை எழுதியிருந்தால் அது வேறு புத்தகம் ஆகியிருக்கும்.

சோவியத் போன பிறகு சாதனை நாட்கள் சரசரவென்று குறைந்தன. 1994ல் ரான் போவர் தனியாக 24 நாளில் சுற்றினார். 1996ல் அவரும் ஜான் வில்லியம்ஸும் சேர்ந்து 17 நாளில். நல்லது. ஆனால் நாள் குறையக் குறைய அங்கே படிக்க ஒன்றுமில்லாமல் போகிறது.

*

ஜெனிஃபர் மர்ரேயிடம் வரும்போது எனக்கு மூச்சு கொஞ்சம் சீராகிறது. ஐம்பதைத் தாண்டிய பிறகு ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுக்கொண்ட பிரிட்டிஷ் பெண்மணி, பாட்டி. 1997ல் குவென்டின் ஸ்மித்தோடு சேர்ந்து ஒரு ராபின்சன் ஆர்44ல் 97 நாளில் உலகத்தைச் சுற்றினார். ஹெலிகாப்டரில் உலகம் சுற்றிய முதல் பெண். ஆர்44 என்பது நான்கு பேர் உட்காரக்கூடிய சின்ன வண்டி. பிஸ்டன் எஞ்சின், குடிப்பது பெட்ரோல் வகை. பெரிய விமான நிலையங்களில் தாராளமாகக் கிடைப்பது ஜெட்களுக்கான மண்ணெண்ணெய் வகைதான். அதனால் பறக்கிறோமா இல்லையா என்பதைவிட, அடுத்த ஊரில் இந்த எரிபொருள் பீப்பாய் இருக்கிறதா இல்லையா என்பது பெரிய கேள்வி.

2000ஆம் ஆண்டு, அறுபது வயதில், அதே வகை ஹெலிகாப்டரில் மறுபடி கிளம்பி 99 நாளில் சுற்றி வந்தார், இந்த முறை தனியாக. புத்தகத்தின் தலைப்பு ‘நௌ சோலோ’. அந்த ‘நௌ’ எனக்குப் பிடித்திருக்கிறது. ‘இப்போ தனியா’ என்று சொல்லும்போதே, போன தடவை கூட ஆள் இருந்தது என்று ஒத்துக்கொள்கிற தலைப்பு அது. அதுமட்டுமல்ல, இந்தத் ‘தனி’ப் பயணத்தில் பக்கத்திலேயே இன்னொருவரும் உலகம் சுற்றிக்கொண்டிருந்தார். காலின் போடில், ஒரு மைக்ரோலைட்டில். மோட்டார் வைத்த பட்டம் என்று சொல்லலாம். இரண்டு பேரும் 99 நாளில் ஒன்றாக முடித்தார்கள். இரண்டு தனிப் பயணங்கள் சேர்ந்து நடந்திருக்கின்றன! சாதனைப் பட்டியலில் இரண்டு வரி. ‘தனி’ என்ற சொல் எவ்வளவு நெகிழக்கூடியது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. இதை நான் மோசடி என்று சொல்லவே மாட்டேன். இரண்டு பேரும் அவரவர் வண்டியை அவரவர் கையாலும் காலாலும்தான் ஓட்டினார்கள்.

பிறகு இருவரும் ஒரே ஹெலிகாப்டரில் துருவத்திலிருந்து துருவத்துக்குப் போகக் கிளம்பி, 2003 டிசம்பரில் அண்டார்க்டிகாவில் விழுந்தார்கள். வெள்ளை வானம், வெள்ளைத் தரை, எது எது என்று தெரியவில்லை. இருவருக்கும் பலத்த காயம். மீட்புக்குழு வந்து தூக்கிப் போனது. 2006 கடைசியில் மறுபடி கிளம்பி, 2007 மே மாதம் அந்தப் பயணத்தை முடித்தும் காட்டினார்கள். இங்கேயும் நான் கேட்பது அந்த மணி நேரங்களைத்தான். பனியில் கிடந்து யாரோ வருவார்கள் என்று காத்திருந்த நேரத்தை. முடித்துக் காட்டியதை நூறு பேர் எழுதிவிடலாம்.

*

கப்பலின்மேல் ஹெலிகாப்டர் இறங்குவதைப் பற்றிச் சொன்னேன். அதே மாதிரி இன்னொரு காட்சி இருக்கிறது. சாகசப் புத்தகங்களோடு யாரும் சேர்த்துப் படிப்பதில்லை. சேர்த்துத்தான் படிக்க வேண்டும் என்பது என் கட்சி.

1975 ஏப்ரல் 29. சைகோன் விழுந்துகொண்டிருக்கிறது. எக்சுபெரி போய்ச் சேராத அதே சைகோன். தென் வியட்நாம் ராணுவத்தின் ஹெலிகாப்டர்கள் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு, எங்கே இறங்குவது என்று தெரியாமல் கடலை நோக்கிப் பறக்கின்றன. யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. கடலில் அமெரிக்கக் கப்பல்கள் நிற்கின்றன, அதில் ஒன்று ‘கிர்க்’. சின்னக் கப்பல், ஒரு சின்ன ஹெலிகாப்டர் இறங்கத்தான் இடம். ஒன்று இறங்கியதும் ஆட்களை இறக்கிவிட்டு, அடுத்ததற்கு இடம் வேண்டுமே என்று மாலுமிகள் கையாலேயே அதைக் கடலில் தள்ளுகிறார்கள். அடுத்தது வருகிறது.

பிறகு ஒரு சினூக் வருகிறது. இரண்டு விசிறி வைத்த ராட்சசன். இறங்கினால் கப்பலே உடைந்துவிடும். வேண்டாம், போ என்று சைகை காட்டுகிறார்கள். விமானி போகவில்லை, எரிபொருளும் இல்லை. கப்பலின் பின்பக்கத்துக்கு மேலே அப்படியே அந்தரத்தில் நிறுத்துகிறார். உள்ளேயிருந்து ஆட்கள் ஒவ்வொருவராகக் குதிக்கிறார்கள், மாலுமிகள் கீழே நின்று பிடிக்கிறார்கள். அவருடைய மனைவி கைக்குழந்தையைக் கீழே போடுகிறார், பிடித்துவிடுகிறார்கள். எல்லோரும் இறங்கிய பிறகு விமானி கொஞ்சம் தள்ளிப் போய், தண்ணீருக்கு மேலே மறுபடி அந்தரத்தில் நிறுத்தி, இருக்கையில் உட்கார்ந்தபடியே தன் பறக்கும் உடையைக் கழற்றுகிறார். இரண்டு கையும் இரண்டு காலும் வேண்டும் என்று சொன்னேன் இல்லையா? அவருக்கு எத்தனை கை இருந்தது என்று தெரியவில்லை. கழற்றி முடித்து, ஹெலிகாப்டரை ஒரு பக்கம் சாய்த்துவிட்டு மறு பக்கம் கடலில் குதிக்கிறார். அது விழுந்து நொறுங்குகிறது. அவரைப் படகில் போய்த் தூக்கி வருகிறார்கள். 2014ல் ரோரி கென்னடி எடுத்த ‘லாஸ்ட் டேஸ் இன் வியட்நாம்’ ஆவணப்படத்தில் இதைச் சொல்கிறார்கள். நான் இரண்டு முறை நிறுத்தித்தான் பார்த்தேன்.

பறந்த தூரம் கொஞ்சம்தான். ஆனால் அந்தக் குழந்தைக்கு அது கண்டம் விட்டுக் கண்டம் போன பயணம். கதை அதோடும் முடியவில்லை. கிர்க்கும் அதன் பின்னால் வந்த வியட்நாம் கடற்படைக் கப்பல்களும் பிலிப்பைன்ஸின் சுபிக் பே போனபோது, அந்தக் கொடியோடு உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கப்பலில் இருந்தவர்கள் தங்கள் நாட்டுக் கொடியை இறக்கி, அமெரிக்கக் கொடியை ஏற்றிய பிறகுதான் துறைமுகத்துக்குள் விட்டார்கள். இறங்க இடம் கேட்பவர் எதையெல்லாம் கொடுக்க வேண்டியிருக்கிறது பாருங்கள்.

ஏழு வருடம் கழித்து, அதே பசிபிக்கில், அதே மாதிரி ஒரு கப்பலின்மேல், முன்கூட்டியே பேசி வைத்து இறங்கியதை உலக சாதனை என்கிறோம். சினூக் விமானியின் கதையை மீட்பு நடவடிக்கை என்ற தலைப்பின் கீழ், ராணுவ வரலாற்றின் அலமாரியில் வைக்கிறோம். இரண்டையும் ஒரே அலமாரியில் வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். இளவட்டங்கள் பயணக் கட்டுரை எழுத உட்காரும்போது இன்னமும் எக்சுபெரியின் நட்சத்திரங்களை எடுத்துக்கொள்கிறார்கள், பெடூயினை விட்டுவிடுகிறார்கள். நானும் செய்திருக்கிறேன். லடாக் போய்விட்டு வந்து நான் எழுதிய ஒரு நீளக் கட்டுரையில் மலை இருந்தது, நிலா இருந்தது, ‘நான்’ தாராளமாக இருந்தேன். மூன்று நாள் பனியில் வண்டி சிக்கியபோது சோறு போட்ட வீட்டுக்காரம்மா ஒரு வாக்கியத்தில்கூட இல்லை. நண்பன் படித்துவிட்டு, “அந்த மூணு நாள் என்னடா சாப்ட்ட?” என்று கேட்டான். கட்டுரையை அப்புறம் நான் எங்கேயும் சேர்க்கவில்லை.

டிக் ஸ்மித்தின் ஜெட்ரேஞ்சர் இப்போது சிட்னியின் பவர்ஹவுஸ் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. ‘ஸ்பிரிட் ஆஃப் டெக்சாஸ்’ அமெரிக்காவில், வர்ஜீனியாவில் உள்ள ஸ்மித்சோனியனின் விமானக் கூடத்தில். இரண்டையும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். சினூக் தென் சீனக் கடலின் அடியில் கிடக்கிறது.